பார்வையற்ற சிறார்க்குத் தமிழ்ப் பிரெயில் எழுதக் கற்பித்தல்: எழுத்தும் கருவியும்

தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் கல்லெழுத்து, ஓலையெழுத்து, அச்செழுத்து என்னும் மூன்றனையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். விரலால் தொட்டறியப்படும் எழுத்தாகிய பிரெயிலைப் பற்றித் தமிழ்த்துறையினர் எழுதியவை மிகச் சிலவே. அது சிறப்புப் பள்ளி ஆசிரியர்க்கு உரிய பொருள் என்று ஒதுக்கப்பட்டமையே இதற்குக் காரணம் போலும். ஆயின், ஐந்து அல்லது ஆறு வயதுடைய பார்வையற்ற குழந்தைக்குத் தமிழ் எழுதக் கற்பிக்கும்பொழுது எழும் இடர்களுட் பல, கல்வியியலைச் சார்ந்தவை என்பதினும் எழுத்திலக்கணத்தைச் சார்ந்தவை எனல் பொருந்தும். எந்தக் கருவியைக் குழந்தையின் கையில் முதலிற் கொடுத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கும், எந்த எழுத்தை முதலிற் கற்பித்தல் வேண்டும் என்னும் வினாவுக்கும் விடை தமிழ்ப் பிரெயிலின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செவி வழியாகவே எல்லாவற்றையும் கற்றுவிடலாம், ஒலிநூல்களும் பேசும் கணினிகளும் பெருகிவிட்ட இக்காலத்தில் பிரெயில் எதற்கு என்று கேட்போர் உளர். தமிழைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்கு விடை எளிது. நகரமும் னகரமும் இன்றைய வழக்கில் ஒலியால் வேறுபடா. ரகரமும் றகரமும் பெரும்பாலான இடங்களில் வேறுபடா. லகர ளகர ழகரங்களை வேறுபடுத்தி ஒலிப்போர் எத்துணையர் என்பதை நாம் அறிவோம். செவியால் மட்டும் தமிழ் கற்ற ஒருவர்க்கு இவ்வேறுபாடுகளை அறிதற்கு வாயில் இல்லை. சொல்லின் எழுத்துருவை விரலாற் கண்டும் கையால் எழுதியும் பழகினாலன்றி அவர் எழுத்தறிவுடையவர் ஆதல் அரிது. எனவே எழுதக் கற்பித்தல் என்பது ஈண்டுக் கூடுதலான ஒரு திறமையைச் சேர்த்தல் அன்று. மொழியறிவின் ஒரு பகுதியைக் கொடுத்தலோ மறுத்தலோ ஆகும்.

பிரெயில் முறையின் தோற்றத்தைச் சுருக்கமாகக் கூறி மேற்செல்வாம். பாரிசில் வாலண்டின் ஆய் என்பவர் நிறுவிய பள்ளியில், உரோமானிய எழுத்துகளைத் தாளில் புடைக்கச் செய்து மாணவர் தடவிப் படித்தனர். அவற்றைப் படித்தல் இயன்றது. ஆனால் மெதுவாகவே இயன்றது. மாணவர் தாமே அவற்றை எழுதுதல் இயலாதாயிற்று. 1809 இல் பிறந்து இளமையிலேயே பார்வையிழந்த லூயி பிரெயில் அப்பள்ளியில் பயின்றவர். சார்ல்சு பார்பியே என்பவர் பன்னிரு புள்ளிகளைக் கொண்டு அமைத்திருந்த முறையை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, 1829 இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். விரல் நுனி ஒரே தொடுதலில் ஓர் எழுத்தை முழுமையாக உணரும் என்பது அதன் ஒரு பயன். பார்வையற்றவர் தம் கையாலேயே எழுதித் தாமே படிக்கலாம் என்பது மற்றொன்று. பின்னதே பெரும்பயன் என்பது என் கருத்து.

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான பள்ளிகளுள் அமிர்தசரசில் 1887 இல் ஆனி சார்ப் தொடங்கியதும், பாளையங்கோட்டையில் 1890 இல் ஆசுக்வித் அம்மையார் தொடங்கியதும் மிக முற்பட்டவை. அதன்பின் வெவ்வேறு மொழிகளுக்கும் பகுதிகளுக்கும் வெவ்வேறு பிரெயில் முறைகள் தோன்றி வழங்கின. 1951 இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று தமிழ்க் குழந்தை கற்பது இப்பாரதி பிரெயிலின் தமிழ்ப் பகுதியே.

இனி அதன் அமைப்பைக் காண்போம். மெய்யெழுத்தின் புள்ளியோடு மயங்காதிருத்தற்பொருட்டு, பிரெயிலின் புடைத்த புள்ளியை இக்கட்டுரையில் 'பொட்டு' என்றே வழங்குவாம். ஓர் அறையில் இரு பத்திகள். ஒவ்வொரு பத்தியிலும் மும்மூன்று பொட்டுகளுக்கு இடம். படிப்போர்க்கு இடப்பக்கத்துப் பத்தியில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கத்துப் பத்தியில் 4, 5, 6. பொட்டுக்கும் பொட்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். அறைக்கும் அறைக்கும் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர். வெற்றறை நீங்கலாக 63 வடிவங்கள் இவற்றால் இயலும். தமிழுக்கு வேண்டியவை உயிர் 12, மெய் 18, ஆய்தம், புள்ளி ஆக 32 குறிகளே.

247 எழுத்துகளை 32 குறிகளால் எழுதுவது எங்ஙனம்? தொல்காப்பியர் நூன்மரபில் உயிர்மெய்யின் இயல்பைக் கூறுமிடத்து, அகரத்தோடு கூடிய மெய் தன் உருவம் திரியாது நிற்கும் என்றும், உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்றும் வகுத்தார். பிரெயில் இவ்விரண்டையும் அச்செழுத்தினும் செம்மையாகக் காக்கிறது. ககரம் 1, 3 ஆம் பொட்டுகள், அதுவே 'க'. 'கொ' எழுத வேண்டின் ககரத்தை எழுதி, அடுத்த அறையில் ஒகரத்தை (1, 3, 4, 6) எழுதுதல் வேண்டும். அச்சில் 'கொ' என்பதன் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னுமாக உயிர்க்குறி பிளந்து நிற்பதை நோக்குக. 'கை' என்பதிலோ உயிர்க்குறி முழுதும் முன்னே வந்துவிடுகிறது. பிரெயிலில் எழுத்து ஒலியின் வரிசையை மாறாது பின்பற்றுகிறது. கு, சு, டு, மு, ரு என உகர உயிர்மெய் அச்சில் எத்தனை வகையாக வளைகிறது! பார்வையற்ற குழந்தைக்கு உகரம் எங்கும் 1, 3, 6 தான். 1978 இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை முதலியன அச்சில் உருமாறின. பிரெயிலில் ஒரு பொட்டும் மாறவில்லை.

அகரமேறிய மெய்யை அடுத்துத் தனி உயிர் வருமாயின் மயக்கம் நேரும். க, இ என்னும் இரு குறிகள் 'கி' ஆகுமா, 'கஇ' ஆகுமா? 'கஇ' என்று எழுத வேண்டின் இடையே அகரக் குறியை இடுதல் வேண்டும் என்பது பாரதி பிரெயிலின் விதி. இந்திக்கு இவ்விதி அடிக்கடி வேண்டப்படுகிறது. தமிழிலோ இரண்டு உயிர்கள் அடுத்து நில்லாதபடி உடம்படுமெய் தோன்றுதலின் இதன் தேவை மிகச் சிறிதே. அளபெடையில் உயிர் தனித்து வரினும் அது நெட்டுயிர்க்குப் பின்னரே வருதலால் மயக்கத்துக்கு இடமில்லை. புணர்ச்சி விதிகளை ஏட்டுச் சுமை எனக் கருதும் மாணவர் இவ்விடத்தைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

புள்ளியின் நிலை மட்டும் வேறு. அச்சில் மெய்யை எழுதிப் பின் அதன் தலையில் புள்ளி இடுகிறோம். பிரெயிலில் புள்ளிக்குரிய 4 ஆம் பொட்டை முதலில் ஓர் அறையில் இட்டு, அடுத்த அறையில் மெய்யை எழுதுதல் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல் த, ம, இ, புள்ளி, ழ என ஐந்து அறைகளாக அமையும். 'அம்மா' என்பதும் அ, புள்ளி, ம, ம, ஆ என ஐந்தே. ஓலையிற் புள்ளியிட்டால் ஏடு கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டு எழுதிய மரபு நம்முடையது. இங்கோ எழுத்தாணியால் குத்துவதே எழுத்து. புள்ளிக்கும் ஓர் அறை முழுதும் உரியது.

இவ்வளவில் தமிழ்ப் பிரெயில் கற்றற்கு மிக எளிது என்று தோன்றும். படித்தற்கு எளிதே. எழுதத் தொடங்கும்பொழுதுதான் கருவியால் ஓர் இடர் புகுகிறது.

நம் பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கும் எழுதுகருவி பிரெயில் சிலேட்டும் எழுத்தாணியும். சிலேட்டு என்பது ஒருபுறம் கீல் பூட்டிய இரு தகடுகள். கீழ்த்தகட்டில் ஆறாறு குழிகள். மேல்தகட்டில் அவற்றுக்கு நேராகச் சாளரங்கள். இடையே தடித்த தாளை வைத்து, சாளரத்தின் வழியே எழுத்தாணியால் அழுத்தினால் தாளின் மறுபுறத்தே பொட்டு புடைக்கும். படிக்க வேண்டுமாயின் தாளை எடுத்துத் திருப்புதல் வேண்டும். ஆதலால் எழுதுவது வலமிருந்து இடமாக; படிப்பது இடமிருந்து வலமாக. எழுதும்பொழுது 1, 2, 3 வலப்பக்கம், படிக்கும்பொழுது இடப்பக்கம். விரல் அறிந்த எழுத்தின் ஆடிநிழலைக் கை எழுத வேண்டியிருக்கிறது.

இவ்விடர் எல்லா மொழியினர்க்கும் பொது. ஆங்கிலக் குழந்தையும் ஈயையும் ஐயையும் மாற்றி எழுதும். தமிழில் இது எவ்வளவு ஆழமாகப் பாய்கிறது என்பது 32 குறிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாலன்றி விளங்காது. அவ்வாறு பார்த்தால் கிடைப்பன இவை. இகரமும் (2, 4) ஏகாரமும் (1, 5) ஒன்றற்கொன்று ஆடிநிழல். ஈகாரமும் (3, 5) எகரமும் (2, 6) அத்தகையன. உகரத்தைத் திருப்பினால் ஙகரம் (3, 4, 6). ஊகாரத்தைத் (1, 2, 5, 6) திருப்பினால் தகரம் (2, 3, 4, 5). ஓகாரத்தின் (1, 3, 5) நிழல் ஔகாரம் (2, 4, 6). வகரத்தின் (1, 2, 3, 6) நிழல் ணகரம் (3, 4, 5, 6). டகரத்தின் (2, 3, 4, 5, 6) நிழல் ழகரம் (1, 2, 3, 5, 6). லகரத்தின் (1, 2, 3) நிழல் ளகரம் (4, 5, 6). இவற்றினும் வியப்புக்குரியது, அகரத்தின் ஒற்றைப் பொட்டைத் (1) திருப்பினால் புள்ளி (4) ஆகிவிடுதல்! மெய்க்கு உயிர் கொடுப்பதும் அவ்வுயிரை நீக்குவதும் ஒரே பொட்டின் இரு பக்கங்களாக நிற்கின்றன.

ஆக 32 குறிகளுள் 18 குறிகள் ஒன்பது இணைகளாய் மயங்குவன. ச, ஞ, ஒ என்னும் மூன்றும் திருப்பினும் மாறாதவை. எஞ்சிய பதினொன்றும், அதாவது ஆ, ஐ, க, ந, ப, ம, ய, ர, ற, ன, ஆய்தம் என்பன, திருப்பினால் தமிழ் எழுத்தாகா. அவற்றுட் சில கிரந்த எழுத்துகளாகும்.

பிழையாக எழுதிய எழுத்து எழுத்தே ஆகாவிடின், படிக்கும்பொழுது பிழை தானே வெளிப்படும். அது வேறோர் எழுத்தாகிவிடின் வெளிப்படாது. 'படம்' எழுத முயன்ற குழந்தை டகரத்தை மட்டும் மாற்றிக் குத்திவிட்டால் தாளில் நிற்பது 'பழம்'. 'பள்ளி' என்று எழுத எண்ணினால் 'பல்லி' வந்து நிற்கும். வாள் வால் ஆகும். களம் கலம் ஆகும். எல்லாம் பொருளுள்ள சொற்கள். இங்குத்தான் ஆசிரியர் இடறுதல் கூடும். 'பள்ளி' என்பதற்குப் 'பல்லி' என்று எழுதிய தாளைக் கண்டவுடன், குழந்தைக்கு லகர ளகர ஒலிவேறுபாடு தெரியவில்லை என்று முடிவுகட்டி, நாவை வளைத்துச் சொல்லுமாறு பயிற்சி தொடங்குவர். உண்மையில் அக்குழந்தையின் செவியும் நாவும் செம்மையாகவே இருத்தல் கூடும், பிழைத்தது கையே. செவிப்பிழையையும் கைப்பிழையையும் வேறுபடுத்தி அறியும் வழி மேற்கூறிய இணைகளிலேயே உள்ளது. இகர ஏகாரங்களும் வகர ணகரங்களும் ஒலியால் சிறிதும் ஒவ்வாதவை. இவற்றையும் அக்குழந்தை மாற்றி எழுதுமாயின் அது கைப்பிழை. ரகர றகரங்களும் நகர னகரங்களும் ஆடிநிழல் இணைகள் அல்ல. அவற்றில் மட்டும் தடுமாறுமாயின் அது செவிப்பிழை. இருவகைப் பிழைக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது முறையன்று.

சிலேட்டில் எழுதுவதைத் 'தலைகீழ் எழுத்து' என்று சொல்லிக் கொடுத்தலையே சில ஆசிரியர் தவிர்ப்பர். கை செல்லும் திசையில் முதலில் வருவது முதற்பத்தி, அடுத்து வருவது இரண்டாம் பத்தி. படிக்கும்பொழுதும் அவ்வாறே என்பது அவர் கற்பிக்கும் முறை. நல்ல முறைதான், எட்டு ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதுவே போதும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு இடம், வலம் என்பனவே இன்னும் உறுதிப்படவில்லை. அன்றியும் அது தான் குத்தியதைச் சரிபார்க்க வேண்டுமாயின் தாளைக் கழற்றித் திருப்பிப் பார்க்கும்வரை காத்திருத்தல் வேண்டும். அதற்குள் தான் என்ன எண்ணிக் குத்தியது என்பதையே மறந்துவிடும். செயலுக்கும் பயனுக்கும் இடையே உள்ள இந்நெடிய இடைவெளியே சிலேட்டின் பெருங்குறை. குழிவான முனையுடைய எழுத்தாணியால் பொட்டை மேல்நோக்கி எழுப்பும் சிலேட்டுகளும் உள்ளன. அவை இக்குறையை ஓரளவு நீக்குவன.

இவ்விடைவெளியை முற்ற நீக்கியது ஆறு விசைகளையுடைய பிரெயில் தட்டச்சுப்பொறி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துப் பார்வையற்றோர் பள்ளியின் தலைவராயிருந்த பிராங்கு ஆல் 1892 இல் இத்தகைய பொறி ஒன்றை அமைத்தார். இன்று உலகெங்கும் பள்ளிகளில் வழங்குவது மாசசூசெட்சில் உள்ள பெர்க்கின்சு பள்ளியில் டேவிட் ஆபிரகாம் என்பவர் வடிவமைத்தது. அது வெளிவந்ததும், பாரதி பிரெயில் ஏற்கப்பட்டதும் 1951 ஆம் ஆண்டிலேயே. இப்பொறி நம் நாட்டில் காட்பாடியில் உள்ள வொர்த் அறக்கட்டளையின் தொழிற்கூடத்திலும் செய்யப்பட்டு வந்துள்ளது. நடுவே இடைவெளிக் கட்டை. அதன் இடப்பக்கத்து மூன்று விசைகள் 1, 2, 3 ஆம் பொட்டுகளுக்கும், வலப்பக்கத்து மூன்று 4, 5, 6 ஆம் பொட்டுகளுக்கும் உரியன. இடக்கைச் சுட்டுவிரல் 1, நடுவிரல் 2, மோதிரவிரல் 3. வலக்கையில் அம்முறையே 4, 5, 6. ஓர் எழுத்துக்கு வேண்டிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் எழுத்து முழுவதும் ஒரே அடியில் மேல்நோக்கிப் புடைத்துவிடும். 'படம்' என்பதைச் சிலேட்டில் எழுதப் பதின்மூன்று குத்துகள் வேண்டும்; பொறியில் நான்கு அழுத்தல்கள். அழுத்திய மறுகணமே விரலை நீட்டி எழுத்தைத் தொட்டறியலாம். எழுதுவதும் படிப்பதும் ஒரே திசை, ஒரே வடிவம்.

குழந்தைக்கு இங்குப் புதிதாகத் தோன்றும் தடை ஒன்றுண்டு. அறையில் பொட்டுகள் இரு நிரல்களாக மேலிருந்து கீழே நிற்கின்றன. விசைகளோ ஒரே வரிசையில் கிடைமட்டமாகக் கிடக்கின்றன. இவ்விரண்டையும் இணைத்துக் காட்ட எளிய மரக்கருவி ஒன்று வழங்குகிறது. ஆறு குழிகளுள்ள பலகையின் நடுவே கீல். குழிகளில் முளைகளைச் செருகலாம். மூடியிருக்கும்பொழுது அது பிரெயில் அறை. விரித்தால் இரு பத்திகளும் சுழன்று, 3, 2, 1, 4, 5, 6 என்று விசைகளின் வரிசையாகிவிடும். மின்சாரமோ கணினியோ வேண்டாத இக்கருவியை ஊர்த் தச்சரே செய்து கொடுக்கலாம். உதவிக்கருவி என்றாலே விலையுயர்ந்த மின்னணுப் பொறிதான் என்று கருதுவது தவறு.

பொறிக்கும் குறைகள் உண்டு. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ளதை ஐந்து வயதுக் குழந்தை தூக்கிச் செல்ல இயலாது. விசைகள் கடினமானவை, மெலிந்த மோதிரவிரலால் 3, 6 ஆம் பொட்டுகளை அழுத்துதல் தொடக்கத்தில் வருத்தும். களிமண் பிசைதல், துணியைப் பிழிதல் முதலிய விளையாட்டுகளால் விரலுக்கு வலிமை ஊட்டிய பின்னரே பொறியைத் தொடச் செய்தல் நன்று. இரு கைகளையும் மாற்றி எண்ணினால் ஆடிநிழற் பிழை பொறியிலும் நேரும். ஆயின் அது உடனே விரலுக்குத் தெரிந்துவிடும். விலை காரணமாக வகுப்புக்கு ஒரு பொறியேனும் இல்லாத பள்ளிகள் இருத்தலின், சிலேட்டையே பேசவைக்கும் முயற்சி தோன்றியது.

அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெக்பிரிட்ஜ்வேர்ல்டு என்னும் குழுவினர், பெங்களூரை அடுத்துள்ள மாத்ரு பார்வையற்றோர் பள்ளியோடு சேர்ந்து 2006 முதல் அமைத்த பிரெயில் எழுத்துப் பயிற்றுவி இத்தகையது. அதன் சிலேட்டில் ஒவ்வொரு பொட்டின் இடமும் மின்தொடர்புடையது. உலோக எழுத்தாணி அங்குப் பட்டவுடன் பொட்டின் எண்ணையும், அறை நிறைந்தவுடன் எழுத்தின் பெயரையும் கருவி ஒலிக்கும். தொடக்கநிலைக் குழந்தைக்கெனப் பெரிதாக்கிய ஓர் அறையும் அதிலுண்டு. தாளைத் திருப்பும்வரை காத்திருத்தல் என்னும் குறையை இது செவியின் துணையால் நீக்குகிறது. முதலிற் கணினியோடு இணைத்தே இயங்கிய இது பின்னர்த் தனித்தியங்கும் வடிவும் பெற்றது. பெங்களூரிலேயே பின்னர் உருவான 'ஆனி' என்னும் கருவியில் படித்தற்குரிய பொட்டறைகளும், மின்னணுச் சிலேட்டும், ஆறு விசைகளும் ஒருங்கே அமைந்துள்ளன.

இத்தகைய பேசும் கருவிகள் தமிழைப் பேசுங்கால் எவ்வாறு பேச வேண்டும் என்பதே நம் துறையினர் கருத்துச் செலுத்த வேண்டிய இடம். ஆங்கிலத்தில் அறைக்கு ஓர் எழுத்து. அறை முடிந்ததும் அதன் பெயரைச் சொல்லிவிட்டால் கருவியின் வேலை முடிந்தது. தமிழில் அது போதாது. ககரத்தை எழுதியவுடன் கருவி 'க' என்கிறது; அடுத்து ஒகரத்தை எழுதியவுடன் 'ஒ' என்று மட்டும் சொல்லி நிற்குமாயின், குழந்தை எழுதியது 'கஒ' என்றே அதன் உள்ளத்திற் பதியும். 'ஒ, கொ' என்று உறுப்பையும் முழுமையையும் அடுத்தடுத்துச் சொல்லுதல் வேண்டும். புள்ளியை எழுதியவுடன் என் சொல்வது? அடுத்த அறை வரும்வரை அது எம்மெய்யின் புள்ளி என்பது தெரியாது. 'புள்ளி' என்று பெயரை மட்டும் கூறி, ககரம் வந்தபின் 'க்' என ஒலித்தல் தகும்.

பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். பார்வையுள்ள குழந்தைக்கு 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன', 'சின்ன ர', 'பெரிய ற' என்று சொல்லிப் பழகிய ஆசிரியர், அப்பெயர்களையே பார்வையற்ற குழந்தைக்கும் சொல்லுகின்றனர். சுழி அதன் விரலுக்கு எட்டாத பொருள். கொம்பும் காலும் அவ்வாறே. நம் முன்னோர் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று வழங்கினர். இப்பெயர்கள் வடிவத்தைச் சாராமல் ஒலியின் பிறப்பையும் இன வல்லெழுத்தையும் சார்ந்தவை. டகரத்தோடு இணைந்து வருவது டண்ணகரம் என்று கற்ற குழந்தை 'வண்டு' என்னும் சொல்லில் எந்த ணகரம் வரும் என்பதை எவரையும் கேளாமல் அறியும். பேசும் கருவியின் குரலில் ஏறவேண்டியவை இப்பெயர்களே.

இனி எழுத்துகளைக் கற்பிக்கும் வரிசை. அச்செழுத்துக்குரிய பாடநூல்களுள் நேர்கோட்டால் ஆகிய ட, ப, ம முதலியவற்றை முதலில் வைக்கும் முறை ஒன்றுண்டு; கைக்கு அவை எளியன என்பது காரணம். அந்நூல்களை அப்படியே பிரெயிலில் அச்சிட்டுக் கொடுப்பது பொருந்தாது. டகரம் ஐந்து பொட்டுகளையுடையது. ழகரத்தின் ஆடிநிழலும் ஆவது. நெடுங்கணக்கின் வரிசையும் எழுதுவதற்கு ஏற்றதன்று. அ, ஆ, இ, ஈ என்னும் முதல் நான்கனுள் மூன்று மயங்குவன. முன்னே கூறிய பதினொன்றனுள் ஆய்தம் ஒழிந்த பத்து எழுத்துகளை முதலில் எடுத்துக்கொண்டு, அவற்றோடு புள்ளியை மட்டும் சேர்த்தல் நலம் என்பது என் துணிபு. மரம், மாமா, காகம், நாய், பாய், காய், கரை, பறை, மான், பானை, யானை என்னும் இத்தனை சொற்கள் அவற்றாலேயே அமைகின்றன. குழந்தை தொட்டும் கேட்டும் அறிந்த பொருள்களே பெரும்பாலானவை. நகரம், னகரம் இரண்டும், ரகரம், றகரம் இரண்டும் இத்தொகுதியிலேயே அடங்கியிருப்பதால், செவிக்கு ஒன்றாகத் தோன்றும் எழுத்துகள் விரலுக்கு வேறு என்பதையும் குழந்தை தொடக்கத்திலேயே உணரும்.

புள்ளியை இத்தொகுதியிற் சேர்த்தபின், அகரத்தைச் சிறிது காலம் கழித்தே தனியாக அறிமுகம் செய்தல் வேண்டும். ஒற்றைப் பொட்டு தனித்து நிற்குமிடத்து அது 1 ஆ, 4 ஆ, 6 ஆ என்பது அண்டை அறையோடு ஒப்பிட்டாலன்றி விரலுக்குப் புலப்படாது. சொல்லின் முதலில் வரும் அகரத்தைக் காட்டும்பொழுது அதற்கு முன்னே ஆறு பொட்டுகளும் நிறைந்த அறை ஒன்றை அளவுகோலாக எழுதிக் கொடுத்தால் தடுமாற்றம் குறையும். அதன்பின் ஒன்பது இணைகளையும் ஓரிணையின் இரு எழுத்துகள் ஒரே கிழமையில் வாராதபடி பிரித்துக் கற்பித்தல் வேண்டும்.

சிலேட்டைக் கைவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. சட்டைப்பையில் அடங்குவதும், மின்சாரம் வேண்டாததும், ஏழைப் பெற்றோரும் வாங்கத்தக்கதும் அதுவே. விசைப்பொறியில் எழுத்துகள் விரலுக்கு உறுதிப்பட்ட குழந்தை இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பில் சிலேட்டுக்கு மாறும்பொழுது, தான் எழுத வேண்டிய வடிவம் இன்னது என்பதை ஐயமின்றி அறிந்தே மாறும். அப்பொழுது அதற்குப் புதியது திசை ஒன்றே. முதற் பாடமாக ச, ஞ, ஒ என்னும் திரியாத மூன்றையும், அதன்பின் பழைய பத்தையும் எழுதச் செய்து, ஒவ்வொரு வரிக்கும் தாளைத் திருப்பித் தானே படிக்கச் செய்யலாம். லகர ளகரங்களும் டகர ழகரங்களும் கடைசியில் வரட்டும்.

கைப்பேசியின் கண்ணாடித் திரையில் ஆறு விரல்களால் தட்டிப் பிரெயில் எழுதும் வசதி ஆப்பிள் கருவிகளில் 2014 முதலும், ஆண்டிராய்டு கருவிகளில் 2020 முதலும் உள்ளது. பிரெயில் அறிந்த வளர்ந்தோர்க்கு அது விரைவும் நலமும் தருவது. எழுதப் பழகும் குழந்தைக்கு அதைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தட்டிய எழுத்தைக் கருவி ஒலித்துக் காட்டும். ஆனால் எழுதியதைத் தொட்டுப் பார்க்க அக்குழந்தை விரலை நீட்டினால் அங்கே வழவழப்பான கண்ணாடி தவிர வேறொன்றும் இராது.